வடிவமைக்கவா?

அண்ணி: ...முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கு. ஆடாதே. ஒரு சொட்டு... ரெண்டு. அவ்வளவுதான், கட்டை மூடிடறேன்.

நாத்தனார்: எரியுது அண்ணி.

அண்ணி: எரியட்டும். எரிஞ்சாதான் மருந்து. இன்னும் ஆறு நாள் பல்லைக் கடிச்சுக்கோ.

நாத்தனார்: ஒரு கண்ணுலதானே ஆபரேஷன். நல்ல கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் சேர்த்துக் கட்டி...

அண்ணி: டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சில்ல? ரெண்டு கண்ணும் ஒரே வண்டியில பூட்டின மாடு, ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் திரும்பும்னு. சும்மா சாய்ஞ்சு உட்காரு.

நாத்தனார்: உட்கார்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. இந்தக் கம்ப்யூட்டரைப் போடுங்க.

அண்ணி: எதுக்கு? நீதான் பார்க்கக் கூடாதே.

நாத்தனார்: நான் பார்க்கப் போறதில்ல. நீங்க பாருங்க, நான் சொல்றேன். காலையில சும்மா படுத்திருந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு, கம்ப்யூட்டரைத் திறந்தா எதையோ வடிவமைக்கவா, வடிவமைக்கவான்னு நச்சரிக்குதுன்னு. எனக்கு அப்ப ஆபரேஷன் பயம், மண்டையில ஏறல. இப்பவே அதைச் சரிபண்ணியாகணும்.

அண்ணி: ...அது எப்பவோ கேட்டது.

நாத்தனார்: இப்ப கேக்கறதில்லையா?

அண்ணி: நான் எங்க திறக்கறேன்? ஸ்கூல் யூனிஃபார்ம் நாப்பது உருப்படி கிடக்கு. தையல் மிஷின்ல உட்கார்ந்தா எழுந்திருக்கவே விடறதில்ல. சாயங்காலமா பார்ப்போம்.

நாத்தனார்: அஞ்சு நிமிஷ வேலை அண்ணி.

அண்ணி: அப்படி என்ன தலை போற காரியம்?

நாத்தனார்: தலை போற காரியம்தான். அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு வட்டு இருக்கு. ஒண்ணு வீட்டுக்கு. அண்ணன் படம் பார்க்கறது, பசங்க பாடம், உங்க டிசைன் எல்லாம் அதுல. இன்னொண்ணு என்னோடது. அதுல வேற சிஸ்டம். போட்டதும் கறுப்பா ஒரு திரை வந்து, எதுக்குள்ள போகணும்னு கேக்குமே...

அண்ணி: மேல இருக்கறது எங்களுக்கு, கீழ இருக்கறது உனக்கு. தெரியும். ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்.

நாத்தனார்: அதேதான். என் குடித்தனத்துல இருந்து பார்த்தா உங்க சாமானெல்லாம் தெரியும். உங்க பக்கத்துல இருந்து பார்த்தா என்னோடது ஒண்ணும் புரியாது. நான் அடுக்கி வெக்கிற முறை அதுக்குப் படிக்கத் தெரியாது. தெரியலன்னு ஒத்துக்குமா? ஒத்துக்காது. இங்க ஒண்ணுமே இல்ல போலிருக்கே, நான் வேணா ஒழுங்கு பண்ணித் தரட்டுமான்னு கேக்கும்.

அண்ணி: ...ஒழுங்கு பண்ணினா?

நாத்தனார்: என்னோடது போச்சு. வடிவமைன்னா, இருக்கறதை அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறதுன்னு அர்த்தம்.

அண்ணி: ...

நாத்தனார்: அண்ணி?

அண்ணி: இருக்கேன். ஊசி குத்திடுச்சு.

நாத்தனார்: மிஷின் ஓடற சத்தமே கேக்கலையே.

அண்ணி: கையால ஓரம் அடிக்கிறேன். உனக்குக் கண்ணைக் கட்டினதும் காது ரொம்ப நீளமாயிடுச்சு.

நாத்தனார்: வேற என்ன வேலை எனக்கு? நேத்து நீங்க நூல் மாத்தினது, பசங்க பந்தைக் கட்டிலுக்கு அடியில உருட்டினது, எல்லாம் கேட்டுச்சு. போடுங்க அண்ணி. அந்த வட்டுல என் புத்தகம் இருக்கு.

அண்ணி: ...அதைத்தான் முடிச்சுட்டேன்னு சொன்னியே.

நாத்தனார்: முடிச்சாச்சு. இருபத்திரண்டு அத்தியாயம். பதிப்பகத்துக்கு அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள். கட்டு அவிழ்த்ததும் கடைசியா ஒரு தடவை படிச்சுட்டு அனுப்பணும்.

அண்ணி: கதை என்னன்னு இன்னும் எங்கிட்ட சொல்லல நீ.

நாத்தனார்: சொல்ல மாட்டேன். அச்சாகி வந்ததும் காசு... இல்ல, சும்மாவே தர்றேன், படிங்க. பதினோரு வருஷமா மொழிபெயர்க்கறேன். மாத்திரைச் சீட்டு, துணி துவைக்கிற மிஷின் கையேடு, கம்ப்யூட்டர்ல வர்ற வார்த்தைங்க. ஊர்ல பாதிப் பேர் நான் எழுதினதைத்தான் படிச்சுட்டு மாத்திரை முழுங்கறாங்க. எதுலயாவது என் பேர் இருக்கா? மாத்திரைச் சீட்டுல யாரு பேர் போடுவா? இதுலதான் முதல் தடவையா, உள்பக்கத்துல, தமிழில்னு போட்டு என் பேர்.

அண்ணி: உங்க அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறார், தெரியுமில்ல? பால் போட வர்றவர்கிட்டகூடச் சொல்லியாச்சு.

நாத்தனார்: அதனாலதான் சொல்றேன்.

அண்ணி: இதுக்கு ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கணுமில்ல நீ?

நாத்தனார்: இருக்கணும்.

அண்ணி: ...இருக்கா?

நாத்தனார்: ஒரு பென் டிரைவ்ல ஆறு அத்தியாயம் வரைக்கும் வெச்சேன். அது அண்ணன் சட்டைப் பையில போயி, துணி துவைக்கிற மிஷின்ல ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துச்சு. 'முக்கியக் கோப்புகளுக்குத் தவறாமல் நகல் எடுக்கவும்'னு பதினாலு கையேட்டுல எழுதியிருக்கேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?

அண்ணி: ...ம்.

நாத்தனார்: என்ன, நாலு திட்டு திட்டுவீங்கன்னு பார்த்தேன், ம்ங்கறீங்க. போடுங்க அண்ணி.

அண்ணி: போடறேன், போடறேன். காலுக்குக் கீழ கிடக்கிற துணியையாவது ஒதுக்க விடு... இந்தா, போட்டாச்சு.

நாத்தனார்: கறுப்புத் திரை வரும். மேல இருக்கறதை...

அண்ணி: வந்துச்சு. அமுக்கிட்டேன்.

நாத்தனார்: அதுக்குள்ளயா?

அண்ணி: கை பழகிப் போச்சு.

நாத்தனார்: இல்ல, திறந்துட்டேன்னு மணி அடிச்சிடுச்சே. கறுப்புத் திரையில நின்னு போனா நான் இருபது எண்ணுற வரைக்கும் அடிக்காதே. இப்ப எட்டுதான் எண்ணினேன்.

அண்ணி: எண்ணிக்கிட்டா உட்கார்ந்திருக்க? நான் வேகமா அமுக்கினேன். அடுத்தது சொல்லு, எனக்கு வேலை கிடக்கு.

நாத்தனார்: ...சரி. கீழ இடது மூலையில வலது பொத்தானை அமுக்குங்க. ஒரு பட்டியல் வரும். அதுல 'வட்டு மேலாண்மை'ன்னு இருக்கும்.

அண்ணி: வட்டு... மேலாண்மை. பேரே பல்லை உடைக்குது. நல்ல வேளை, நீ எனக்காகத் தமிழ்ல மாத்திக் குடுத்த. இல்லாட்டி இதுவும் தெரியாது. திறந்துடுச்சு. கட்டம் கட்டமா என்னென்னவோ இருக்கு.

நாத்தனார்: மேல் வரிசை வீட்டோடது. அதை மறந்துடுங்க. கீழ் வரிசையில மூணு கட்டம் இருக்கும். சின்னது, பெருசு, சின்னது.

அண்ணி: இருக்கு.

நாத்தனார்: அப்பாடா. நடுவுல இருக்கற பெருசு என்னோடது. உங்க சிஸ்டம் தானா அதுக்கு டி, ஈ மாதிரி ஒரு இங்கிலீஷ் எழுத்தை ஒட்டி விட்டிருக்கும். அந்த எழுத்து இருக்கறதுனாலதான் உங்க பக்கத்துல அது தெரியுது, வடிவமைக்கவான்னு கேக்குது. எழுத்தை எடுத்துட்டா போதும். கதவை எடுத்துட்டு சுவர் வெச்ச மாதிரி. யாரும் உள்ள போக முடியாது, என்னைத் தவிர.

அண்ணி: சரி.

நாத்தனார்: பெரிய கட்டத்துல என்ன எழுதியிருக்கு? எழுத்து மட்டும் இருக்கும், பேர் இருக்காது.

அண்ணி: பேர் இருக்கே. 'புதிய தொகுதி'ன்னு. எலெக்‌ஷன் ஏதாவது வருதா?

நாத்தனார்: ...

அண்ணி: என்ன, சிரிப்பு வரல?

நாத்தனார்: இன்னொரு தடவை படிங்க.

அண்ணி: புதிய... இரு, மேல இருக்கறதைப் படிச்சுட்டேனோ என்னவோ. எனக்கும் கிட்டத்துல சரியாத் தெரியறதில்ல. கண்ணாடி மாத்தணும்.

நாத்தனார்: அண்ணி, அதுல...

அண்ணி: ம்?

நாத்தனார்: ஒண்ணுமில்ல. அந்தப் பெரிய கட்டத்து மேல வலது பொத்தானை அமுக்குங்க. 'எழுத்தை மாற்று'ன்னு இருக்கும். அதுக்குள்ள போயி 'நீக்கு'.

அண்ணி: நீக்கவா? இன்னொரு தடவை கேக்குது, உறுதியான்னு.

நாத்தனார்: உறுதிதான்.

அண்ணி: நல்லா யோசிச்சு சொல்லு. நான் இனிமே எதையும் யோசிக்காம அமுக்க மாட்டேன்.

நாத்தனார்: இனிமேவா?

அண்ணி: ...பொதுவாச் சொன்னேன்.

நாத்தனார்: அமுக்குங்க அண்ணி. எழுத்து மட்டும்தான் போகும்.

அண்ணி: அமுக்கிட்டேன். போயிடுச்சு.

நாத்தனார்: ஏன் மூக்கை உறிஞ்சறீங்க?

அண்ணி: பருத்தித் துணி. தூசி பறக்குது.

நாத்தனார்: ம்... அண்ணி, உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? வடிவமைங்கற வார்த்தையைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்?

அண்ணி: இது என்ன கேள்வி? கழுத்து எப்படி வெட்டணும், கை எவ்வளவு அகலம், இடுப்புல சுருக்கு வெக்கணுமா... அதானே வடிவமைக்கறது. நான் காலையில இருந்து வேற என்ன பண்றேன்?

நாத்தனார்: அதானே.

அண்ணி: அழிக்கறதுக்குப் போயி அப்படி ஒரு பேரை யாரு வெச்சிருப்பா?

நாத்தனார்: எல்லாம் ஏதாவது ஒரு கூட்டத்துல முடிவாகறதுதான். ஏழு பேர் உட்கார்ந்து ஆயிரம் வார்த்தைக்குத் தமிழ் தேடுவாங்க. இந்த வார்த்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருக்கும். எல்லாருக்கும் பசி. அழின்னு வெச்சா ஜனங்க மிரண்டுடுவாங்க, இதமா ஒண்ணு வெப்போம்னு யாராவது சொல்லியிருப்பாங்க. சரின்னுட்டு எழுந்து போயிருப்பாங்க.

அண்ணி: நேர்ல பார்த்த மாதிரி சொல்ற.

நாத்தனார்: என் பொழப்பே அதுதானே.

அண்ணி: இரு, ஃபோன் அடிக்குது... ஹலோ. ஆமா, நான்தான். சொல்லுங்க... இப்பவா... பரவாயில்ல, சொல்லுங்க. ஆங், பட்டன் விஷயம்தானே... ஆமாங்க, பட்டன், பட்டன். இருபத்தொண்ணு சரியா வந்துடுச்சு, நான் பார்த்துட்டேன். அந்தப் பதினாலுதான்... கிடைக்கவே இல்லையா? இன்னும் கொஞ்சம் அடியில தேடிப் பாருங்களேன். பேர் இல்லாட்டியும் பரவாயில்ல, நான் பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்... சரி... சரிங்க. வெச்சுடறேன்.

நாத்தனார்: யாரு?

அண்ணி: பட்டன் கடை.

நாத்தனார்: பட்டனுக்குப் பேர் உண்டா?

அண்ணி: இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் பேர் வெக்கறாங்க.

நாத்தனார்: இருபத்தொண்ணும் கிடைக்காத அந்த ஒண்ணுமா, இருபத்திரண்டு பட்டன் வெச்ச சட்டையா? போட்டுக்கிட்டு ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுமே.

அண்ணி: ...உனக்கு எதுக்கு அதெல்லாம்? பால் சுட வெக்கட்டுமா?

நாத்தனார்: வேணாம். இங்கயே இருங்க. எனக்கு மனசு சரியில்ல அண்ணி. என் தப்புதான். பதினாலு கையேட்டுல எழுதத் தெரிஞ்சவளுக்கு ஒரு நகல் எடுக்கத் துப்பில்ல. இந்தப் புத்தகத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா வேற யாரும் காரணமில்ல, நானேதான்.

அண்ணி: போதும். நல்லா இருக்கறதை எல்லாம் நாசமாயிடுச்சுன்னு பேசாதே. அந்தப் படகுத்துறைக்காரி மாதிரி தன் சீட்டைத் தானே கிழிச்சுப் போட்டுட்டுக் கரையில நின்னு அழாதே.

நாத்தனார்: எந்தப் படகுத்துறைக்காரி?

அண்ணி: ...ஒரு பேச்சுக்கு.

நாத்தனார்: படகுத்துறையில சீட்டுக் கிழிக்கிற பொம்பளை. முப்பது வருஷமா அடுத்தவங்க சீட்டைக் கிழிச்சவ, ஒரு நாள் தனக்கு ஒரு சீட்டு வாங்கி, அதையும் கிழிக்கிறா. அது பத்தொன்பதாவது அத்தியாயம். அது என் தலைக்குள்ளயும் அந்த வட்டுலயும் மட்டும்தான் இருக்கு. ரெண்டுல எதுக்குள்ள போனீங்க அண்ணி?

அண்ணி: ...

நாத்தனார்: ஊசி குத்திடுச்சா?

அண்ணி: குத்தினது ஊசியா இருந்தா பிடுங்கிப் போட்டிருப்பேனே... நான்தான் பண்ணினேன். உங்க அண்ணன் இல்ல, பசங்க இல்ல. நான்.

நாத்தனார்: சொல்லுங்க.

அண்ணி: நீ ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டாவது நாள். ஒரு அம்ப்ரெல்லா கவுன் ஆர்டர். முழு வட்டமா வெட்டணும், துணியோ கம்மி. எப்படி மடிச்சு வெட்டறதுன்னு படம் பார்க்கலாம்னு கம்ப்யூட்டரைப் போட்டேன். போட்ட உடனே கேக்குது, 'இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கவா?'ன்னு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. வட்டம்னு நான் மனசுக்குள்ளதானே நெனச்சேன், இதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு.

நாத்தனார்: வட்டை... வட்டம்னு...

அண்ணி: சிரிக்காதே. கண்ணுல தையல் போட்டிருக்கு, பிரிஞ்சிடும். இப்பதான் என்னென்னமோ புதுசா வருதே, நெனச்சதைச் செஞ்சு குடுக்குதாமே, அதுதான் போலிருக்குன்னு அமுக்கினேன். விட்டுச்சா? 'தரவுகள் யாவும் நீக்கப்படும், தொடரவா?'ன்னு அடுத்த கேள்வி. தரவுன்னு நான் எங்க கேட்டேன்? தரகுன்னு போடறதுக்குப் பதிலா எழுத்து மாறிப் போச்சுன்னு நெனச்சேன். கவுன் கேட்டவளுக்கும் எனக்கும் நடுவுல தரகர் யாருமில்ல. இருந்தாலும் நீங்கினா நல்லதுதானேன்னு... அதையும் அமுக்கினேன்.

நாத்தனார்: ஐயோ அண்ணி.

அண்ணி: பச்சையா ஒரு கோடு ஓடுச்சு. முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. கவுனைக் காணோம். சரி, நமக்குக் குடுப்பினை அவ்வளவுதான்னு கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத் துணியை நானே மடிச்சு வெட்டினேன். மறுநாள் போட்டா எழுந்திருக்கவே இல்ல. கறுப்புல இங்கிலீஷ்ல ரெண்டு வரி. பெட்டியைத் தூக்கிக்கிட்டு முனைக் கடைக்கு ஓடினேன். ரிப்பேர்காரர் பத்து நிமிஷம் தட்டிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, இது யாரோட வட்டும்மான்னு கேட்டார். என்ன ஆச்சுன்னு அவர் சொல்லவே வேண்டியிருக்கல. துக்க வீட்டுல கேக்கற மாதிரி கேட்டார். அங்கேயே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். நீ பதினோரு வருஷம் மாத்திரைச் சீட்டு எழுதினது எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல. சொன்னா அவர் முகமே உங்கிட்ட காட்டிக் குடுத்துடும். நீயோ அழக் கூடாது, அழுதா கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் எப்படிச் சொல்லுவேன்?

நாத்தனார்: அவர் என்ன சொன்னாரு?

அண்ணி: அழிச்சதுக்கு அப்புறம் புதுசா எதையும் அதுல எழுதலையே, அதனால அடியில கிடக்க வாய்ப்பு இருக்குன்னார். சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரியாம், சுரண்டினா பழைய எழுத்து தெரியுமாம். நாலு நாள் சுரண்டினார். வட்டுக்கு ஒரு பிரதி எடுத்துத் தன்கிட்ட வெச்சுக்கிட்டு, பெட்டியை மறுபடி எழுந்திருக்கிற மாதிரியும் பண்ணிக் குடுத்தார். அந்தக் கறுப்புத் திரைதான் வரதில்ல, நேரா எங்க பக்கம் போயிடுது.

நாத்தனார்: எட்டு எண்ணுறதுக்குள்ள.

அண்ணி: ஆமா, உன் காதை நெனச்சுப் பார்க்காம போயிட்டேன். வந்த கோப்பு எல்லாம் அறுநூத்துச் சொச்சம். ஒண்ணுக்கும் பேர் இல்ல. சுரண்டி எடுத்தா பேர் வராதாம், வெறும் நம்பர்தான் வருமாம். வீட்டுல யாரையும் கம்ப்யூட்டரைத் தொடவிடல, ஷாக் அடிக்குதுன்னு சொல்லி வெச்சேன். நீ மருந்து போட்டுக்கிட்டு மத்தியானம் தூங்குவியே, அந்த நேரத்துல ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். 'உணவுக்குப் பின் இருவேளை'ன்னு இருந்தா மாத்திரை. 'மின் இணைப்பைத் துண்டிக்கவும்'னு இருந்தா மிஷின். 'அவள் அன்றைக்கும் குடை எடுத்து வரவில்லை'ன்னு இருந்தா... கதை.

நாத்தனார்: வரிசை எப்படித் தெரிஞ்சுது? உள்ள அத்தியாயத்துக்கு நம்பர்கூட நான் போடலையே.

அண்ணி: துணி வெட்டினா ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு வெப்போம், எது எதோட சேரணும்னு தெரியறதுக்கு. உன் கதையிலயும் இருக்கு. ஒண்ணு மழையில முடிஞ்சா அடுத்தது ஈரத் துணி காயப் போடறதுல ஆரம்பிக்குது. ஒண்ணுல அவ சாவியைத் தொலைச்சா, அடுத்ததுல கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறா. வெட்டைப் பார்த்துச் சேர்த்துக்கிட்டே போனேன்.

நாத்தனார்: அந்த வெட்டு வெச்சது நானில்ல அண்ணி, மூல ஆசிரியர்.

அண்ணி: யாரு வெச்சா என்ன, நீ தைச்சது பிரியல. சில அத்தியாயம் மூணு தடவை வந்துச்சு, திருத்தினதும் திருத்தாததுமா. ஒண்ணுல 'விம்மினாள்'னு இருக்கு, இன்னொண்ணுல 'மூக்கைச் சிந்தினாள்'னு இருக்கு.

நாத்தனார்: எதை எடுத்தீங்க?

அண்ணி: மூக்கைச் சிந்தினதைத்தான். விம்மறவ சீட்டுக் கிழிக்கிற வேலைக்கு ஆக மாட்டா.

நாத்தனார்: ...அதுதான் கடைசியா நான் வெச்சது.

அண்ணி: எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே ஒரு கோப்புறையில போட்டு, மேல உன் பேரை அடிச்சு வெச்சேன். உறைக்குப் பேர் வெக்க எனக்குத் தெரிஞ்சது அதுதான். ஆனா பதினாலு மட்டும் கிடைக்கல. கட்டு அவிழ்க்கறதுக்குள்ள அதையும் எடுத்துட்டு, உனக்குத் தெரியாமலே கறுப்புத் திரையையும் வர வெச்சு, அப்படியே திருப்பி வெச்சுடலாம்னு பார்த்தேன். இப்ப கூப்பிட்டது அவர்தான். இல்லவே இல்லையாம். அது போயே போச்சு.

நாத்தனார்: பதினாலு... பெட்டி கட்டற அத்தியாயத்துக்கு அடுத்தது.

அண்ணி: பதிமூணுல பெட்டியைக் கட்டறா. பதினஞ்சுல அந்தப் பெட்டி காலியா நிக்குது. நடுவுல என்னதான் ஆச்சு? அழிச்ச பாவி நான், கேக்க எனக்கு வாயில்ல. இருந்தாலும் நாலு நாளா அதே நெனப்பா இருக்கு.

நாத்தனார்: சொல்றேன். மூலம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் வாயால சொல்றேன், நீங்க அடிங்க. ஆறு நாள்ல முடிச்சுடலாம்.

அண்ணி: தையல்காரி அடிச்சா எழுத்துப் பிழை வருமே.

நாத்தனார்: வரட்டும். வீட்டு வட்டுலயே அடிங்க. எல்லாத்துக்கும் ரெண்டு நகல், ஒண்ணு உங்க துணிப் பெட்டிக்குள்ள. இன்னொரு வட்டைத் தொட வேணாம், எழுத்தைத்தான் எடுத்தாச்சே. அது அப்படியே இருக்கட்டும்.

அண்ணி: ஏன்டி, உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

நாத்தனார்: புதிய தொகுதின்னு படிச்சீங்களே, அப்ப. அழிச்ச வட்டுக்குத்தான் அது தானா அந்தப் பேர் வெக்கும்.

அண்ணி: அப்பவேவா? தெரிஞ்சுக்கிட்டா ஒண்ணுமில்லாத வட்டுக்குக் கதவை எடு, சுவர் வைன்னு என்னைப் படுத்தின?

நாத்தனார்: நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு ஃபோன் வர்ற வரைக்கும் புத்தகம் மொத்தமும் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தானே பேசிக்கிட்டிருந்தேன்.

அண்ணி: போயிடுச்சுன்னு நெனச்சும் ஒரு வார்த்தை திட்டலையே நீ. திட்டிடு. உங்க வீட்டுல நாத்தனார் வாய்க்குப் பஞ்சமில்லன்னு எங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே எச்சரிச்சு அனுப்பினாங்க, அதைப் பொய்யாக்காதே. நாலு திட்டு வாங்கினா எனக்கும் லேசாகும்.

நாத்தனார்: திட்ட வரல அண்ணி. திட்டணும்னா வேற ஆளைத் திட்டணும்.

அண்ணி: அது என்னவோ நெஜம். அழிக்கறதுக்கு வடிவமைன்னு பேர் வெச்சவனைத்தான் திட்டணும். ஜனங்க மிரண்டுடுவாங்களாமே? மிரளட்டுமே. மிரண்டா கையை எடுத்திருப்பேனில்ல? இதமா வெச்சானாம், இதமா. அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், இந்தக் கத்தரிக்கோலாலயே மீசையை ஒட்ட நறுக்கிடறேன்.

நாத்தனார்: மீசை கிடையாது அண்ணி, அவளுக்கு. பசி நேரத்துல ஆறு பேரை எதிர்த்துப் பேசி அந்த வார்த்தையை வெச்சுட்டு, இப்ப ரெண்டு கண்ணையும் கட்டிக்கிட்டு, அடுத்த சொட்டு மருந்தை நீங்க எப்ப ஊத்துவீங்கன்னு முகத்தைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.